ரேடியோ பாத்து வாங்கு சாமி

1

இந்தத் தை மாதம் என் ரேடியோவுக்கு வாய் போய்விட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது, உலகத்தில் யார் பேசினாலும் கேட்கிறது. நான் பேசினால்தான் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. அனுப்புகிற சக்தியைக் கொடுக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துவிட்டது. பெட்டிக்கு வயது என் கல்யாணத்தைவிட அதிகம் என்பதால் அந்த டிரான்சிஸ்டரை இப்போது யாரும் செய்வதில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று தோன்றும். கையில் போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்பீர்கள். என் மகளும் அதையேதான் கேட்கிறாள். எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் கோவிந்தன் ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். இரண்டு பேரும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கிறோம். ஊரைவிட்டுக் கிளம்பிய எஸ்டேட் டாக்டர் ஒருவர், கொண்டுபோக முடியாமல் அண்ணனிடம் தள்ளிவிட்டுப் போன செட்டில் ஆரம்பித்த கிறுக்கு அது. சில்வர் ஓக் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கம்பியைக் கட்டிவிட்டு, மிளகு பறிக்கிறவர்களிடம் “ஏணியக் கம்பியில சாத்தாதீங்க” என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதியச் சாப்பாடு முடியும் நேரம், அங்கே சாயங்காலம். அப்போது பேசுவோம். எல்லாரும் பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்பார்கள். அண்ணன் ‘ஓவருங்க’ என்பார். தெரியாத ஊர்க்காரனிடம் ‘ங்க’ போடாமல் எப்படி நிறுத்துவது என்பது அவர் கட்சி.

போன வருஷம் சேலத்தில் அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. கழுத்தில் ஒரு துளை வைத்து மூச்சு அது வழியாக. நான் போய்ப் பத்து நாள் கூட இருந்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வீடியோவில் கூப்பிட்டால் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார், கையை ஆட்டுவார், போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எழுதி அனுப்பினால் “சரி” என்று ஒரு வார்த்தை வரும். அதுவும் தலைச்சோலையில் சிக்னல் இருந்தால்.

ஆனால் மோர்ஸ் இருந்தது. விரலால் தட்டுகிற அந்தப் பாஷைக்குத் தொண்டை தேவையில்லை. மோர்ஸில் அண்ணன் பழைய அண்ணன்தான். எஸ்டேட் மேனேஜரைக் கிண்டல் செய்வார், குரங்கு தொல்லையைச் சொல்வார், என்னைத் திட்டுவார். ஒவ்வொருவர் தட்டுவதிலும் ஒரு நடை உண்டு. அவர் நடையில் ஒரு இழுப்பு இருக்கும், அவர் பேசும்போது இருந்த அதே இழுப்பு. என் ரேடியோ எரிந்த பிறகும் அவர் ஒவ்வொரு ஞாயிறும் தட்டினார். நான் கேட்டுவிட்டு வாட்ஸப்பில் பதில் எழுதினேன். அந்தப் பதில் சில நாள் புதன்கிழமைதான் அவருக்குப் போகும்.

அவர் தட்டி முடித்த கையோடு அவருக்குக் காதில் கேட்கும்படி நான் பதில் பேச வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

2

கையில் காசு இல்லாத காலம் பார்த்துத்தான் வீட்டில் எல்லாம் கெட்டுப்போகும். தொழிற்சாலையில் போன இலையுதிர் காலத்திலிருந்து பாதி நாள்தான் வேலை. மனைவி மல்லிகா முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று சம்பாதிப்பது வாடகைக்குப் போகிறது. அண்ணன் வைத்தியத்துக்கும் அனுப்ப வேண்டும். புது ரேடியோக்களின் விலைப் பக்கத்தைத் திறந்த வேகத்திலேயே மூடிவிடுகிறேன்.

பக்கத்து ஊரில் வால்டர் என்று ஒரு கிழவர். ஓய்வுபெற்ற தபால் ஊழியர். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ரேடியோ விற்கிறார். சிலது புதிது, பெரும்பாலும் பழையது. பழையது எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாது. கேட்டேன். ஹாம்கள், அதாவது எங்களைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், இங்கே ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், மனைவிமார் அறையைக் காலி செய்கிறார்கள், வால்டர் வேனில் போய் அள்ளிக்கொண்டு வருகிறார். நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் நல்ல பெட்டி வேண்டுமென்றால் யாராவது ஒருவர் போயிருக்க வேண்டும். சில பெட்டிகளில் இன்னும் அவர்கள் குடித்த சுருட்டு நாற்றம் போகவில்லை.

எனக்கு எட்டக்கூடியது மூன்று வகை. ஒன்று, பத்து மீட்டர் மட்டும் வேலை செய்கிற புதுப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான். பேசலாம், மோர்ஸும் தட்டலாம். அலமாரியிலேயே இருந்தது, அன்றைக்கே பையில் போட்டுக்கொண்டு வரலாம். இரண்டாவது, சீனத்தில் செய்த பல பேண்டு குட்டி. அதில் மோர்ஸ் மட்டும்தான், சக்தியும் டார்ச் லைட் அளவு. மூன்றாவது, பழைய பல பேண்டு பெட்டி. முழுச் சக்தி, எல்லா வசதியும் உண்டு. ஆனால் நல்லது வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தாலும் உள்ளே என்ன செத்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

பேண்டு என்றால் ஒன்றுமில்லை. எங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளைப் பத்து, பதினைந்து, இருபது, நாற்பது என்று மீட்டர் கணக்கில் கூப்பிடுவோம். பத்து மீட்டர் சூரியனை நம்பிப் பிழைக்கிற பேண்டு. சூரியனில் கரும்புள்ளி அதிகமாக இருக்கும் வருஷங்களில் சின்னப் பெட்டியிலேயே ஏற்காடு பக்கத்து அறை போலக் கேட்கும். புள்ளி குறைந்துவிட்டால் வருஷக்கணக்கில் வெறும் இரைச்சல்தான். இப்போது புள்ளிகள் நிறைய இருக்கின்றன, இனிமேல் குறையும். இருபது மீட்டர் அப்படியில்லை, எப்போதும் கொஞ்சமாவது வழி விடும். அதனால்தான் வாங்குகிறவன் பல பேண்டு தேடுகிறான். அண்ணனுக்குக் குரல் இருந்த காலத்தில் புதிதாக வருகிற எல்லாரிடமும் அடித்துச் சொல்வார், “ஒத்த பேண்டு செட்டு மட்டும் வாங்கிராதீங்க. சூரியன் தூங்கிட்டா அது வெறும் தகர டப்பாங்க.”

வால்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“உங்களுக்கு எத்தனை வருஷத்துக்கு வேண்டும்?”

“ஏன் கேட்கிறீர்கள்?”

“இரண்டு மூன்று வருஷம் போதுமென்றால் பத்து மீட்டரே போதும். பணத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு மேல் என்றால் பல பேண்டு வாங்குங்கள்.”

அவருக்கு என் அண்ணனைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல வியாபாரியாகத்தான் கேட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சின்னப் பெட்டியை வாங்கினால், அண்ணன் இன்னும் இரண்டு மூன்று வருஷம்கூட இருக்க மாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். “பல பேண்டுதான் வேண்டும். நல்லது வந்தால் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

3

இந்த ஊரில் ரேடியோ வைத்துக்கொள்வது லேசில்லை. நம் ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதினேன். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்க அந்தப் பரீட்சைப் புத்தகத்தில் படித்ததுதான். ரொட்டிக்கடையில் ரொட்டி கேட்கத் தெரியாது, மின்தடைக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

அதனால் பட்ட அவமானம் ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு அம்மாள், “நீங்கள் லைஸ்டுங்ஸ் எம்ஃபெங்கரா?” என்று கேட்டார். என் புத்தகத்தில் லைஸ்டுங் என்றால் மின்சக்தி, எம்ஃபெங்கர் என்றால் ரேடியோ வாங்கி. இந்த அம்மாளுக்கு என் ரேடியோ விஷயம் எப்படித் தெரிந்தது என்று ஒரே மகிழ்ச்சி. “ஆமாம், வாங்கியும் இருக்கிறது, அனுப்பியும் இருக்கிறது, நூறு வாட்” என்றேன். அந்த அம்மாள் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். நான் அரசாங்கத்திடம் உதவித்தொகை வாங்குகிறவனா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அப்போது வாங்கவில்லை. இப்போது பாதி வேலைக்கு ஈடாக வாங்குகிறேன், யாரும் கேட்பதில்லை.

அடுத்தது ஆன்டெனா. குடியிருப்பு விதிப்படி பால்கனிக்கு வெளியே எதையும் நீட்டக் கூடாது. கீழ்வீட்டுக்காரர் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியைப் பற்றியே நிர்வாகத்துக்கு எழுதியவர். பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கம்பி போதும். பால்கனியில் கட்டி மேலே இரண்டு துண்டைக் காயப்போட்டால் துணிக்கொடி என்று நினைத்துக்கொள்வார்கள். இருபதுக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். எனக்கு அதையும் எப்படி மடக்கிக் கட்டுவது என்றே யோசனை ஓடியது.

மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் ஜெர்மனில் வரும். எழுத்து தெரியாது. ஒன்று முதல் பத்து வரை எண்ணத் தெரியும், வணக்கம் தெரியும், சோறு தெரியும். அண்ணனுக்கு அவள் வைத்த பெயர் ‘பீப் பெரியப்பா’. குரல் இருந்த காலத்தில் அண்ணன் அவளோடு பேச ஆசைப்பட்டு, “கண்ணு, சாப்புட்டியா?” என்று கேட்பார். அவள் “யா” என்பாள். “ஏன்டா, கொழந்த யாருன்னு கேக்குது பாரு” என்று என்னிடம் வருத்தப்படுவார். இங்கே யா என்றால் ஆமாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு மனது ஆறவில்லை.

4

மூன்று வகை ரேடியோவையும் விலையோடு எழுதி, எதை வாங்கட்டும் என்று அண்ணனுக்கு அனுப்பினேன். அவரைக் கேட்காமல் நான் ஒரு பல்புகூட வாங்கியதில்லை.

பதிலை ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில்தான் தட்டினார்.

இங்கே எங்கள் மோர்ஸ் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தமிழைத்தான் தட்டுவோம், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். நெடிலுக்கு இரண்டு A தட்டுவது, அழுத்தத்துக்கு எழுத்தை இரட்டிப்பது எல்லாம் அண்ணனுக்கு ஆகாது. “ஒரு A போதும் சாமி, வெளங்கறவனுக்கு வெளங்கும்” என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுவிட்டார். ஒருமுறை PALU POCHU என்று தட்டினார். பாலு கெட்டுப்போனதற்கு இவ்வளவு தூரம் தகவலா என்று நான் கிண்டல் செய்தேன். அவருக்குப் போனது கடைவாய்ப் பல்லு. அதை வைத்து ஒரு வருஷம் சிரித்தோம்.

அன்றைக்கு வந்தது இதுதான்: RADIO PATHU VANGU SAMI.

கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதினேன். தண்ணீர் எடுக்க வந்த யாழினி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்து என்பதால் அவளால் வாசிக்க முடிந்தது.

“பத்து?” என்றாள். “ட்ஸேன்? டென்? பெரியப்பா பத்து ரேடியோ வாங்கச் சொல்றாரா?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பத்து இல்லடி, பாத்து. பாத்து வாங்குன்னா கவனமா வாங்குன்னு அர்த்தம். எண்ணத் தெரிஞ்சா மட்டும் தமிழ் ஆயிருமா?”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “ஓகே” என்று சொல்லி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணனுக்கு, “சரிங்கண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செய்றேன்” என்று எழுதி அனுப்பினேன். என்ன இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான், காசின் அருமை தெரிந்தவர், அவசரப்படாதே என்கிறார் என்று மல்லிகாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

5

பார்த்துப் பார்த்து வாங்குவது என்று இறங்கினால் அதற்கு முடிவே கிடையாது. வால்டர் ஒரு பெட்டி வந்திருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன், திரையில் பாதி எழுத்து தெரியவில்லை. இன்னொன்று நன்றாக இருந்தது, சூடானதும் அலைவரிசை தானாக நகர்ந்தது. இணையத்தில் ஒன்றுக்கு விலை பேசி முடிக்கும் நேரத்தில் வேறு ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விடுமுறை நாள் முழுக்க விமர்சனம் படித்தேன். வாங்கும் காது கூர்மையாக இருந்தால் போதும், பொத்தான்களைப் பார்த்து மயங்காதே என்று அண்ணன் முன்பு சொன்னதை எல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டேன். ஒவ்வொரு முறை வால்டர் கொட்டகைக்குப் போனபோதும் அந்தப் பத்து மீட்டர் பெட்டி அலமாரியில் அதே இடத்தில் இருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறுதோறும் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். RADIO VANTHUDUCHA. அடுத்த வாரமும் அதே கேள்வி. பாத்து வாங்கு என்று சொன்னவரே இப்படி வாராவாரம் நச்சரித்தால் எப்படி என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. “இன்னும் முடியலீங்கண்ணா, சீக்கிரம் வந்துரும்” என்று எழுதினேன்.

அவர் தட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது. முதலில் காற்றுக் கோளாறு என்று நினைத்தேன். பிறகு வார்த்தைக்கு நடுவே நிறுத்தினார். மழை பெய்து காப்பி பூத்துவிட்டது என்பதைச் சொல்ல அவருக்கு ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரம் ஆனது. அண்ணியைப் போனில் பிடித்தேன்.

“ஏனுங்க அண்ணி, அண்ணனுக்கு ஒடம்பு எப்படி இருக்குது?”

“இருக்காருங்க தம்பி. நெஞ்சுல கொஞ்சம் சளிங்க. மல கீழ எறங்கி ஏறுனா நொம்ப எளைக்குது.”

“டாக்டர் என்னங்க சொல்றாரு?”

“மருந்து குடுத்திருக்காங்க. நீங்க மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாக்கு வாரீங்கல்ல, அப்பப் பாத்துக்கலாங்க.”

அண்ணி பொய் சொல்லத் தெரியாதவர். பேச்சை வேறு பக்கம் திருப்பியபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மே மாதத்துக்கு டிக்கெட் விலை குறைவாகத்தான் இருந்தது, அதை நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

6

கடைசியில் வந்துவிட்டது. ஆஸ்திரிய எல்லைப் பக்கம் இருந்த ஒருவருடைய பெட்டி, நூறு வாட், எல்லா பேண்டும் உண்டு, கீறல் இல்லை. அவருடைய மகன் விற்றான். வால்டரே சோதித்துப் பார்த்து, உங்களுக்கு யோகம்தான் என்று சொல்லிப் பார்சலில் அனுப்பினார். பார்சலை எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்து என்ன என்று மூன்று முறை கேட்டார்.

பெட்டியைப் பிரித்ததும் அண்ணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அவர் எடுத்த இடம் எஸ்டேட் வீடு இல்லை. பச்சைச் சுவர், இரும்புக் கட்டில்.

“சேலத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டமுங்க தம்பி. முந்தாநேத்து மூச்சு விடவே முடியலைங்க.” பிறகு, என்னிடமிருந்து மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல, “சொல்ல வேண்டாம்னாருங்க. நீங்க அங்க தனியா இருந்துட்டு வெசனப்படுவீங்கன்னு” என்றார்.

போனை அண்ணன் பக்கம் திருப்பினார். கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்தில் துண்டு இல்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் ரேடியோவைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டினேன். கடைக்காரன் மாதிரி ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டு, “இது இருபதுங்கண்ணா. இது நாப்பது. இது பதினஞ்சு. சூரியன் தூங்குனாலும் நமக்குக் கவலையில்லீங்க” என்றேன். சத்தமாகப் பேசினேன், அழாமல் இருப்பதற்கு.

அவர் ஒவ்வொரு பொத்தானையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மெல்லத் தூக்கி, விரல்களை எல்லாம் விரித்துக் காட்டினார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து நான் கும்பிட்டேன்.

“இல்லீங்க தம்பி” என்றார் அண்ணி. “பத்துங்கறாரு.”

“என்னங்க அண்ணி?”

“அன்னிக்கு உங்களுக்குத் தட்டிப்போட்டு வந்து என்ட்ட இதேமாதிரிதாங்க கையக் காட்டுனாரு. பத்து மீட்டரே வாங்கச் சொல்லிட்டேன், கையோட கெடச்சுரும், வர்ற ஞாயித்துக்கெழம தம்பி பேசிருவான்னு வாயசைச்சு வாயசைச்சுச் சொன்னாருங்க. மத்ததுக்கெல்லாம் எனக்கு எங்க நாளு இருக்குதுன்னு சிரிச்சாரு. நீங்க சரின்னு எழுதிப்போட்டீங்கன்னு அதையும் காட்டுனாருங்களே?”

அண்ணன் அந்த விரல்களை இன்னும் மடக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு மாதிரி ஒன்றுதான் இருந்தது. எனக்குப் பின்னால் யாழினி நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவளுக்குப் பத்து புரிந்திருந்தது. தமிழை அவளுக்கு ஒழுங்காகச் சொல்லித் தரவில்லையே என்று இத்தனை வருஷம் வருத்தப்பட்டவன் நான். தெரிந்த நாலு வார்த்தையை வைத்து அவள் சரியாகத்தான் வாசித்தாள். எனக்குத்தான் அந்த வார்த்தை வேண்டாததாக இருந்தது.

7

இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடன் வாங்கிச் செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

“ரேடியோவக் கட்டுலுக்குப் பக்கத்துல தூக்கி வெச்சாச்சுங்க” என்றார் அண்ணி காலையில். “நேத்தே பத்துல அவரே திருப்பி வெச்சுட்டாரு. நீங்க பேசுங்க, கேட்டுட்டு இருப்பாரு. ஆனா இன்னிக்குக் கையி எந்திரிக்க மாட்டேங்குதுங்க.”

பால்கனியில் கம்பி கட்டும்போது யாழினி வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை. அந்த முனையைக் குழாயில் சுற்றி இறுக்கினாள், அதன் மேல் தன் துண்டையே எடுத்து வந்து போட்டாள். போன் சார்ஜரும் போனும் பக்கத்தில் இருந்தால் ரேடியோவில் இரைச்சல் வரும். காலையிலேயே இரண்டையும் அணைத்துச் சமையலறையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரம்வரை பேண்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று பத்து மீட்டர் அவ்வளவு சுத்தமாகத் திறந்திருந்தது. யார் யாரோ துருக்கியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பளிச்சென்று கேட்டார்கள். நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் இடத்துக்குப் போய், எங்கள் இருவருக்கும் லைசென்ஸில் கொடுத்திருக்கும் அழைப்புக் குறியையும் சொல்லி ஆரம்பித்தேன்.

“அண்ணா, நாந்தானுங்க. பத்துல வந்துட்டனுங்க. கொஞ்சம் லேட்டுதான், திட்டாதீங்க. இங்க இன்னிக்கு வெயில் அடிக்குதுங்க. யாழினி கம்பி கட்டிக் குடுத்தாளுங்க, பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்றா.” மைக்கை அவள் பக்கம் நீட்டினேன். “வணக்கம் பெரியப்பா” என்றாள். கொஞ்சம் யோசித்து, “சாப்பிட்டீங்களா?” என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ‘ங்க’ போட்டாள்.

நிறுத்திக் கேட்டேன். இரைச்சல்தான். கை எழவில்லை என்று அண்ணி சொல்லியிருந்தார் அல்லவா. நான் பாட்டுக்குப் பேசினேன். ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில் நாங்கள் பழைய ஸ்பீக்கருக்காகச் சண்டை போட்டது, எனக்கு மோர்ஸ் பரீட்சையில் பாதி எழுத்து விட்டுப்போனது, அவர் பல்லுப் போனது, எல்லாம் சொன்னேன். பாத்து என்று படித்துத் தொலைத்ததைச் சொன்னேன். “உங்க சட்டம்தானுங்கண்ணா, ஒரு A போதும்னீங்க” என்று அவர் மேலேயே பழியைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை கிளம்பி வருகிறேன் என்றேன். அதுவரைக்கும் இருங்கண்ணா என்றேன். அண்ணனிடம் நேரில் இவ்வளவு நேரம் நான் ஒருநாளும் பேசியதில்லை.

கேட்டேன். மறுபடி பேசினேன். வெயில் பால்கனியை விட்டுப் போனதும் மைக்கை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் போனைப் போட்டேன். ஊரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி கூப்பிட்டார்.

“அண்ணி, கேட்டுச்சுங்களா?”

“நல்லாக் கேட்டுச்சுங்க தம்பி. ஊட்டுக்குள்ள ஒக்காந்து பேசுற மாதிரியே கேட்டுச்சு. கொழந்த பேசுனதும் கேட்டுச்சுங்க.”

“அண்ணன் என்னங்க பண்ணுனாரு?”

அண்ணிக்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கும் சத்தம் கேட்டது.

“மத்தியானமே மூச்சு நின்னுருச்சுங்க தம்பி. உங்களுக்கு அடிச்சா போகலைங்க. சனமெல்லாம் வந்து ஒக்காந்திருக்கறப்ப பொட்டியில நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. எனக்கு அதுல பதிலு சொல்லத் தெரியாதுங்களே. யாரோ அமத்தப் போனாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். தம்பி பேசி முடிக்கட்டும்னுட்டேன்.”